கயிற்றில் நிற்கும் வீடு

அய்வலிக் படகுத்துறை
9 அக்டோபர் 1995

அன்புள்ள ரிஃப்கி,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியதை இருவரும் மறந்துவிடலாம். உங்கள் காதில் பாதியை ரயில் எஞ்சின் தின்றுவிட்டது. நீங்கள் அங்கிருந்து "என்ன? என்ன?" என்று கத்த, நான் இங்கிருந்து கத்த, வெளியே வரிசையில் நின்றவர்கள் ஒரு குடும்பம் உடைகிறது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நான் வெளியே வந்ததும் ஒரு பெரியவர் எனக்கு ஒரு தேநீர் வாங்கித் தந்தார். இனிமேல் எழுதுவோம்.

கத்திச் சொன்னதை இப்போது மெதுவாகச் சொல்கிறேன். நெஜாத்தின் படகை இப்போதைக்கு விற்க வேண்டாம். இந்தக் குளிர்காலம் முழுவதும் நான் இங்கேதான் இருக்கப்போகிறேன்.

தம்பி இறந்தபின், அவன் துணிமணிகளை யாருக்காவது கொடுத்துவிட்டு, படகைக் கழுவி விலைக்கு நிறுத்திவிட்டு வந்துவிடலாம் என்றுதான் ஜூனில் கிளம்பினேன். அது பொய்யில்லை. ஆனால் அறைக்குள் இறங்கினேனா, அவனுடைய பூனை மேசைமேல் உட்கார்ந்து, 'நீ யார், எங்கே அவன்' என்பதுபோல் பார்த்தது. ஊறுகாய் என்று நெஜாத் ஏன் பெயர் வைத்தான் என்பது அந்த முகத்தைப் பார்த்தால்தான் புரியும். எப்போதும் புளித்துப்போன முகம். அன்றிரவு அங்கேயே படுத்தேன். விடிந்தபோது அவள் என் முழங்கால் மடிப்பில் சுருண்டு கிடந்தாள்.

பக்கத்துப் படகில் குல்தெனும் அவள் புருஷன் ஹைரியும் வருஷம் முழுக்கக் குடியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். அவர்களுடைய நாய்தான் பொல்லாதது. கவலைப்படாதீர்கள். உங்கள் கம்பளி உள்சட்டைகள் மேல் அலமாரியில், இடது பக்கம்.

ஃபெரிஹா

*

எஸ்கிஷெஹிர்
20 அக்டோபர்

ஃபெரிஹா,

கடிதம் கிடைத்தது. உள்சட்டையும் கிடைத்தது. வலது பக்கம் இருந்தது.

உன் தம்பி ஆயுசு முழுக்கத் தண்ணீரில் மிதந்தான். அவனுக்குக் குடும்பம் இல்லை, குட்டி இல்லை, மிதந்தான். உனக்குப் புருஷன் இருக்கிறான், மகள் இருக்கிறாள், மூன்று அறை வீடு இருக்கிறது. வீடு என்பது கிளம்பிப் போகாத பொருள். நான் ஓட்டினதெல்லாம் ரயில், ஓடுகிற பொருள், அதனால் எனக்கு வித்தியாசம் தெரியும்.

நம் நில்குனின் புருஷனுக்கு பூர்சாவில் ஒரு பல் டாக்டரைத் தெரியுமாம். மரப்படகு தேடுகிறாராம். குளிர் விட்டதும் மனைவியோடு வந்து பார்க்கிறேன் என்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

பூனைதான் பிரச்சினை என்றால் அதை ஒரு கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு வா. எனக்குப் பூனை பிடிக்காது, ஆனால் பிடிக்காத எத்தனையோ பேரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

ரிஃப்கி

*

அய்வலிக்
6 நவம்பர்

அன்புள்ள ரிஃப்கி,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கேளுங்கள்.

மூடிபோட்ட கூடையில் அவளை வைத்து பஸ் ஏறினேன். ஊர் எல்லை தாண்டும்வரை மூச்சு விடவில்லை. பிறகு தொடங்கினாள் பாருங்கள். பிரசவ வார்டில்கூட அப்படிச் சத்தம் கேட்டிருக்க மாட்டீர்கள். கண்டக்டர் வழக்கம்போல எல்லார் கையிலும் கொலோன் வாசனைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தான்.

"அம்மா, உள்ள என்ன, குழந்தையா?"

"பூனைப்பா."

"என்ன வேணுமாம் அதுக்கு?"

"கடல் வேணுமாம்."

பின் சீட்டிலிருந்து ஒரு கிழவர், "அப்ப எறக்கி விடுங்கம்மா, நாங்களாவது நிம்மதியா போறோம்" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. கொலோன் வாசனைக்கு அவள் தும்மினாள், மறுபடி அழுதாள். சாலையோரத்தில் இறங்கி, ஆலிவ் பறிக்கிறவர்களின் டிராக்டரில் ஏறித் திரும்பி வந்தோம். படகைக் கண்டதும் கூடைக்குள்ளேயே வாயை மூடிக்கொண்டாள்.

இதைப் பூனையின் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அதனால் என் பங்கையும் சொல்கிறேன். மலாத்யா, சிவாஸ், அஃபியோன் என்று உங்களுக்கு மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் வந்தேன். எல்லாம் ரயில்வே வீடுகள். எந்தச் சுவரிலும் ஓர் ஆணி அடிக்க நீங்கள் விட்டதில்லை. "அரசாங்கச் சுவர், ஃபெரிஹா" என்பீர்கள். போன வாரம் இங்கே படுக்கைக்கு மேலே ஒரு கொக்கி அடித்தேன். என் சால்வையை மாட்டினேன். படகு ஆடும்போது சால்வையும் ஆடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். அதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் இங்கே வரலாம். வந்து பாருங்கள் என்று ஒருமுறைகூட நான் கூப்பிடவில்லையோ என்று நேற்றுத் தோன்றியது. இதோ, கூப்பிடுகிறேன்.

உங்கள் ஃபெரிஹா

*

எஸ்கிஷெஹிர்
19 நவம்பர்

ஃபெரிஹா,

ஓர் ஆணி அடிப்பதற்காக யாராவது கடலுக்குப் போவார்களா? இது நம் சொந்த வீடு. வா, சுவர் முழுக்க அடி. நான் சுத்தியல் எடுத்துத் தருகிறேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. உனக்கும் தெரியும் அது. அந்தக் குறுகலான பலகைமேல் நடந்து வந்து, ஆடுகிற இடத்தில் சூப் குடிக்க என்னால் ஆகாது.

இங்கே பனி விழுந்துவிட்டது. போர்சுக் ஆற்றின் ஓரமெல்லாம் உறைந்திருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். வீடும் நன்றாக இருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

ரிஃப்கி

*

அய்வலிக்
4 டிசம்பர்

ரிஃப்கி அத்தான்,

பயந்துவிடாதீர்கள். இது நான், பக்கத்துப் படகு குல்தென். ஃபெரிஹா அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இனி அக்காவின் பேச்சு.

அன்புள்ள ரிஃப்கி, பெரிதாக ஒன்றுமில்லை. மழையில் நடைப்பலகை வழுக்கி, கரைக் கல்லில் விழுந்தேன். வலது கையில் சின்ன முறிவு. (சின்னதுன்னு அக்கா சொல்றாங்க அத்தான். முழங்கையில ரெண்டு இடம், மணிக்கட்டுல ஒரு இடம். நான் கூடவே போனேன், படத்தைப் பாத்தேன்.) குல்தென், நான் சொல்வதை மட்டும் எழுது. தகடு வைக்க வேண்டும் என்று இங்குள்ள டாக்டர் சொல்கிறார். நில்குன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று எனக்கே தோன்றுகிறது. ஆகவே வருகிறேன். நீங்கள் ஜெயித்தீர்கள்.

ஆனால் படகைத் தனியாக விட முடியாது. தெற்குக் காற்று அடித்தால் கயிறுகளைத் தளர்த்தவும் இறுக்கவும் ஆள் வேண்டும். அடியில் சேரும் தண்ணீரை பம்ப் போட்டு இறைக்க வேண்டும். ஊறுகாய் வேற்றுப் படகில் சாப்பிட மாட்டாள். குல்தென் வீட்டு நாயைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருந்தேன். (எங்க நாய் ஒண்ணும் பண்ணாது அத்தான். பூனைதான் முதல்ல அடிக்கும்.)

இப்படிக் கேட்க எனக்கு வாயில்லை. பனி விடும்வரை மட்டும், நீங்கள் வந்து படகில் இருப்பீர்களா? (அத்தான், அக்கா அழுறாங்க. கை வலியில இல்ல. வந்துடுங்க.)

அதை எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள்.

ஃபெரிஹா

*

அய்வலிக் படகுத்துறை
14 டிசம்பர்

ஃபெரிஹா,

பாலிகெசிர் ரயில் நிலையத்தில் உன்னையும் நில்குனையும் வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, ஹைரி கார்க் கதவைத் திறந்து, "அத்தான், அழறதுன்னா அழுதுக்குங்க, நான் ரோட்டைத்தான் பாப்பேன்" என்றான். நான் அழவில்லை. கட்டுப்போட்ட கையோடு, மற்றக் கையால் நீ என் கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டுப் போனாயே, அதை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்ததாக நில்குன் இங்கே துறை அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினாள். அது போதும்.

இங்கே நிலவரம். முதல் நாளே தலையில் மூன்று இடத்தில் இடித்துக்கொண்டேன். உன் தம்பி குள்ளன் என்பதை மறந்துவிட்டேன். நடைப்பலகையில் நான்கு காலால் ஏறினேன். துறையில் உள்ளவர்கள் எல்லாரும் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றார்கள். மரியாதை தெரிந்தவர்கள். குல்தென் என்னை அத்தான் என்று கூப்பிடப்போய், இப்போது டீசல் பம்ப் காவலாளி வரை எல்லாருக்கும் நான் அத்தான்.

பூனை என்னைக் கண்டதும் படுக்கைக்கு அடியில் போய்விட்டது. போகட்டும். படகின் பக்கவாட்டில் தொங்குகிற அந்தப் பழைய கம்பளத் துண்டு எதற்கு? அழுக்காக இருக்கிறதே என்று எடுக்கப் போனேன். ஹைரி தடுத்தான். பூனை தண்ணீரில் விழுந்தால் நகத்தால் பற்றி ஏற அதுதான் வழியாம். சரி என்று விட்டுவைத்தேன்.

நீ கையை அசைக்காதே. டாக்டர் சொல்வதைக் கேள்.

ரிஃப்கி

*

எஸ்கிஷெஹிர்
2 ஜனவரி 1996

ரிஃப்கி,

இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துப்போல இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வீட்டுக்கு வந்தேன். நில்குன் கதவைத் திறந்துவிட்டு, "அம்மா, அப்பாவைத் திட்டாதே" என்றாள். ஏன் என்று உள்ளே போனதும் தெரிந்தது.

எல்லா அறையும் பூட்டிக் கிடக்கிறது. சோபாவை அடுக்களைக்கு இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் தலையணை, ரேடியோ, உங்கள் செருப்பு, என் சால்வைகளில் ஒன்று. ஜூனிலிருந்து அங்கேதான் தூங்கியிருக்கிறீர்கள். படுக்கையறைக் கட்டிலில் நான் விரித்துவிட்டுப் போன விரிப்பு மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

"வீடு நன்றாக இருக்கிறது" என்று எழுதினீர்களே.

திட்டவில்லை. அந்த சோபாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கால் நீட்டினால் அடுப்பு, கை நீட்டினால் தண்ணீர்க் குழாய். நான் இல்லாமல் உங்களுக்கு எவ்வளவு இடம் தேவைப்பட்டது என்று பார்க்கிறேன். படகின் அறைகூட இதைவிடப் பெரிது.

கை வலிக்கிறது. மீதி பிறகு.

ஃபெரிஹா

*

அய்வலிக்
18 ஜனவரி

ஃபெரிஹா,

அடுக்களையில் தூங்கியது குளிருக்காக. (ஜூனில் ஏது குளிர் என்று கேட்பாய். கேட்காதே.)

இங்கே செய்தி அதிகம் இல்லை. போன வியாழக்கிழமை மதியம் லோதோஸ் அடித்தது. சூடான தெற்குக் காற்று. இந்தக் காற்றடித்தால் இங்கே எல்லாருக்கும் தலைவலி, புருஷன் பெண்டாட்டி சண்டை. எனக்குச் சண்டைக்கு ஆளில்லாததால் கயிறுகளைக் கவனித்தேன். ஒன்று அறுந்தது, வேறு கட்டினேன். பம்ப் நன்றாக வேலை செய்தது.

ஊறுகாய் தண்ணீரில் விழுந்தாள். எடுத்துவிட்டோம். நான் கொஞ்சம் நனைந்தேன். தலையில் சிறு கீறல். வழுக்கைத் தலை என்பதால் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இப்போது அவள் என் நெஞ்சின் மேல்தான் தூங்குகிறாள். மூச்சுவிடச் சிரமமாக இருக்கிறது. எழுப்ப மனம் வரவில்லை. காது மந்தமானவனுக்கு ஒரு வசதி, அவள் குர்ரென்று உறுமுவதை நான் காதால் கேட்பதில்லை, எலும்பில் கேட்கிறேன். எஞ்சின் நன்றாக ஓடும்போது காலடியில் அப்படித்தான் இருக்கும்.

ரிஃப்கி

*

எஸ்கிஷெஹிர்
25 ஜனவரி

கொஞ்சம் நனைந்தீர்களா?

உங்கள் கடிதம் வந்த அன்றே குல்தென் தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்ததும் கேட்டாள்: "அக்கா, அந்த மனுஷனுக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாதே. ஏன்?"

 பிறகு எல்லாம் சொன்னாள். கம்பளத் துண்டு காற்றில் மேலே சுருட்டிக்கொண்டதாம், பூனைக்கு எட்டவில்லையாம். படகு கரைக் கல்லில் மோதி மோதி விலக, நடுவில் அவள் தலை மட்டும் தெரிந்ததாம். ஹைரி வலை எடுக்க ஓடித் திரும்பினால், நீங்கள் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்களாம்.

"ஹைரி, இதைப் பிடி. விட்டுடாத."

"அத்தான், வேணாம் அத்தான், நான் எறங்கறேன்."

"நீ எறங்கினா உன்னைப் பிடிச்சு நிறுத்த எனக்குப் பலம் ஏது? பிடிடா."

கரையின் இரும்பு ஏணியில் நெஞ்சளவு தண்ணீர்வரை இறங்கினீர்களாம். அவள் உங்கள் கையில் ஏறி, முகத்தில் ஏறி, தலைமேல் ஏறிக் கரைக்குத் தாவிவிட்டாளாம். உங்களால்தான் ஏற முடியவில்லை. கை ஏணியை விடவே இல்லையாம். ஹைரியும் குல்தெனும் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்களாம். மேலே வந்ததும் முதல் வார்த்தை, "பூனை எங்க?"

பிறகு காய்ச்சல். அதையும் எழுதவில்லை.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் உங்கள் சோபாவில் உட்கார்ந்து அழுதேன். நான்தானே உங்களை அங்கே அனுப்பினேன். போதும், ரிஃப்கி. அந்தப் பல் டாக்டர் வந்தால் படகைக் கொடுத்துவிடுங்கள். ஊறுகாயைக் குல்தென் எப்படியாவது பழக்கட்டும். நீங்கள் வீட்டுக்கு வாருங்கள். படுக்கையறையைத் திறந்து காற்றோட்டமாக வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இருக்காது. சத்தியம்.

ஃபெரிஹா

*

அய்வலிக்
3 மார்ச்

ஃபெரிஹா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை.  'எனக்கு ஒரு குறையும் இருக்காது' என்ற வரியைப் பல தடவை படித்தேன். நீ பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது, பிள்ளைகளிடம் ஊசி போடும் நாளில் 'வலிக்கவே வலிக்காது' என்பாயே, அந்தக் குரல் கேட்டது.

நேற்று பல் டாக்டர் மனைவியோடு வந்தார். நல்லவர். மரத்தைத் தட்டிப் பார்த்தார், எஞ்சினைப் போடச் சொன்னார். போட்டேன். அந்த எஞ்சினை நான் பிரித்துத் துடைத்துக் கோர்த்திருக்கிறேன், இப்போது தையல் மெஷின்போல ஓடுகிறது. அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஊறுகாய் என் மடியில் இருந்தாள்.

"இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க. ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டார்.

"என் பெண்டாட்டி வீட்டுக்கு வரணும்னுதான்" என்றேன்.

அவர் மனைவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க இப்ப வீட்டுலதானே இருக்காங்க மாமா, உங்க மாப்பிள்ளை சொன்னாரே? நீங்கதானே இங்க இருக்கீங்க?" என்றாள்.

கூட இருந்த ஹைரி கயிறு பார்க்கிறவன்போல வெளியே போய்விட்டான். சிரிக்கத்தான் போனான்.

 யோசித்துப் பார்த்தால், பனி விட்டு எத்தனையோ நாளாகிறது. ஹைரியிடம் டிக்கெட் பற்றிக் கேட்கவேண்டும் என்று தினமும் காலையில் நினைக்கிறேன். அதற்குள் ரொட்டி வாங்கப் போக வேண்டியிருக்கிறது, மீன்காரன் ஊறுகாய்க்கு ஒதுக்கிவைக்கும் சில்லறை மீனை வாங்க வேண்டியிருக்கிறது, யாராவது ஒருவர் "அத்தான், எங்க பம்ப்பைக் கொஞ்சம் பாருங்களேன்" என்கிறார். சாயங்காலம் ஆகிவிடுகிறது.

டாக்டரிடம், படகு என் மனைவியுடையது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் இதுவரை நான் உன்னிடம் 'எப்போது வருகிறாய்' என்றுதான் கேட்டிருக்கிறேன். இப்போது வேறொன்று கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும்? எனக்காகப் பதில் சொல்லாதே. அங்கே இருப்பதுதான் வேண்டுமென்றால் வருகிறேன், ஊறுகாயை எப்படியாவது ரயிலில் கொண்டுவருவேன். கார்டு அறையில் உட்காரவைக்க எனக்கு ஆள் இருக்கிறது.

ரிஃப்கி

*

எஸ்கிஷெஹிர்
11 மார்ச்

அன்புள்ள ரிஃப்கி,

வலது கையால் எழுதுகிறேன், பாருங்கள். விரல்கள் மடங்குகின்றன. பேனா பிடிக்கிற அளவுக்கு மடங்குகின்றன.

உங்கள் கடிதத்தை நில்குனிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள், பிறகு, "அம்மா, அப்பா கேட்டுட்டார். சீக்கிரம் சொல்லிடு, மனசு மாறிடப் போறார்" என்றாள். ஆனால் எனக்குச் சீக்கிரம் சொல்ல வரவில்லை. என்ன வேண்டும் என்று யாரும் கேட்காதவரை, வேண்டியதெல்லாம் தெரிந்ததுபோல் இருந்தது. கேட்டதும் ஆற்றங்கரையில் இரண்டு நாள் நடந்தேன்.

எனக்குப் படகு வேண்டும். அதில் நீங்கள் வேண்டும். தனியாக இருந்த மாதங்கள் இனிமையாகத்தான் இருந்தன, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நல்லதாக ஏதாவது பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதாமல், பக்கம் திரும்பிச் சொன்னால் போதும் என்று இருக்க வேண்டும்.

கோடையில் அங்கே, குளிரில் இங்கே என்று பங்கு பிரிக்கலாம் என நில்குன் சொல்கிறாள். அதை அப்புறம் பார்க்கலாம். இன்னொன்று. நெஜாத் போனபின் அந்தப் படகு ஒருநாளும் துறையை விட்டு நகரவில்லை. மே மாதத்தில் கயிற்றை அவிழ்த்து, எதிரே உள்ள தீவை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். ஹைரி சுக்கானைப் பிடிக்கட்டும். எஞ்சினை நீங்கள் பாருங்கள். எனக்கு வேலையே வேண்டாம், முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வருகிறேன்.

பயமாக இருந்தால் சொல்லுங்கள். வேறு யோசிக்கலாம்.

உங்கள் ஃபெரிஹா

*

அய்வலிக்
17 மார்ச்

ஃபெரிஹா,

பயமாகத்தான் இருக்கிறது. தீவைச் சுற்றுவோம்.

பல் டாக்டருக்கு ஹைரி தொலைபேசியில் சொல்லிவிட்டான். நல்ல மனிதர், வருத்தப்படவில்லை. கோடையில் விருந்தாளியாக வருகிறார்களாம்.

நீ பகல் வண்டியில் வா. ஹைரியை அனுப்பவில்லை, பாலிகெசிருக்கு நானே வருகிறேன். உன் வண்டி வரும் நேரத்துக்கு வெகு முன்பே வந்து நடைமேடையில் நிற்கப்போகிறேன். இத்தனை வருஷம் நான் வண்டியில் வந்து இறங்குகிறவனாகவே இருந்துவிட்டேன். நின்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீதான் நின்றாய், மலாத்யாவில், சிவாஸில், அஃபியோனில், நில்குனை இடுப்பில் வைத்துக்கொண்டு.

இந்த முறை நான் நிற்கிறேன்.

ரிஃப்கி